வடசென்னை வானில் ஓர் ஒளி: சாட்சியும் சான்றும்

எண்ணூர்க் கடற்கரையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் வடக்கே 60 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. தென்மேற்கே மணலியில் 1969 முதல் இயங்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. கரையோரமாகக் காமராஜர் துறைமுகம், அனல்மின் நிலையங்கள், திருவொற்றியூரின் தொழிற்கூடங்கள். ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டிலிருந்து இருட்டோடு கிளம்பும் படகுகள், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு முறைக்குக் காத்திருக்கும் கப்பல்கள். இத்தனை ஒளிகள் கூடும் வானத்தின் கீழ், இரவு வேலைக்குப் போகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். இன்னதென்று தெரியாத ஓர் ஒளியைக் கண்டதாக இங்கே யாராவது சொன்னால் அதை இரண்டு விதமாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, சிரித்துத் தள்ளிவிடுகிறோம். அல்லது பறக்கும் தட்டு என்று செய்தியாக்கிவிடுகிறோம். இரண்டுமே கண்டவருக்கு நியாயம் செய்வதில்லை.

இந்தக் கட்டுரை முன்வைக்கும் கருத்து இது: ஓர் ஒளி விளங்காமல் போவதற்கான காரணம் பெரும்பாலும் அந்த ஒளியில் இருப்பதில்லை; அதைப் பற்றி நம் கையில் எஞ்சும் பதிவில் இருக்கிறது. நேரம், திசை, உயரம், நீடித்த அளவு என்ற நான்கும் தெரிந்தால் பெரும்பாலான ஒளிகளுக்கு விடை கிடைத்துவிடும். நான்கும் தெரிந்த பிறகும் விடை கிடைக்காத ஒளிதான் உண்மையான புதிர். அந்த நான்கையும் குறிக்கும் வாய்ப்பு, இரவெல்லாம் விழித்திருக்கும் வடசென்னை மக்களுக்கு மற்ற எவரையும்விட அதிகம்.

வடக்கிலிருந்து எழும் ஒளி

இந்தப் பகுதியில் காணக்கூடிய மிகப் பிரகாசமான ஒளிகளில் ஒன்று ராக்கெட். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ரோகிணி ஆய்வு ராக்கெட் 1971 அக்டோபர் 9 அன்று ஏவப்பட்டது. அதன்பின் அங்கு நடந்த ஏவுதல்களில் இரவில் நடந்தவையும் பல. 2013 ஜூலை 1 அன்று இரவு 11.41க்கு ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ செயற்கைக்கோளைச் சுமந்து பி.எஸ்.எல்.வி கிளம்பியது. 2018 செப்டம்பர் 16 அன்று இரவு 10.08க்கு இரண்டு பிரிட்டிஷ் செயற்கைக்கோள்கள், 2019 ஜனவரி 24 அன்று இரவு 11.37க்கு மைக்ரோசாட்-ஆர், 2022 அக்டோபர் 23 நள்ளிரவு தாண்டி 12.07க்கு 36 ஒன்வெப் செயற்கைக்கோள்கள் என்று அந்த வரிசை நீள்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்பேடெக்ஸ் விண்கலங்கள் இரவு 9.58க்கு ஏவப்படவிருந்து, 10 மணிக்கு மாற்றப்பட்டன. நேரத்தைக் குறித்து வைத்த சாட்சிக்கு இந்த இரண்டு நிமிட மாற்றம்கூட ஒரு சோதனைக் கருவி. கண்டது ராக்கெட்தானா என்பதை அறிவிக்கப்பட்ட நேரத்தைக்கொண்டு சரிபார்க்கக் கூடாது; உண்மையில் கிளம்பிய நேரத்தைக்கொண்டுதான் சரிபார்க்க வேண்டும்.

திசையும் உதவும். துருவப் பாதைக்குச் செல்லும் பி.எஸ்.எல்.வி நேராகத் தெற்கே பறப்பதில்லை. இலங்கையின் மேல் போகாமலிருக்க முதலில் தென்கிழக்காகக் கடலின் மேல் சென்று, பிறகுதான் தெற்கே திரும்பும். அதனால் எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ நிற்பவருக்கு அந்த ஒளி வடக்கே எழுந்து, வலப்புறமாகக் கடலின் மேல் வளைந்து, சில நிமிடங்களில் மங்கி மறையும். முதல் கட்ட எரிபொருள் இரண்டு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அப்போது ஒளி சட்டென்று மங்கி மீண்டும் வேறு விதமாகத் தெரியும். முன்னறிவிப்பைக் கேள்விப்படாத ஒருவருக்கு, ஒன்று வெடித்து அதிலிருந்து இன்னொன்று பிறந்ததுபோல் தோன்றுவதில் வியப்பில்லை.

ஓசை இன்னொரு சாட்சி. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும். ஏவுதளத்திலிருந்து கிளம்பும் முழக்கம் எண்ணூரை எட்டுமானால், ஒளி எழுந்து சுமார் 3 நிமிடம் கழித்தே எட்டும். அதற்குள் ராக்கெட் வானில் வெகுதூரம் போயிருக்கும். ஒளியையும் முழக்கத்தையும் வெவ்வேறு நிகழ்வுகளாக நினைப்பது எளிது. இடைவெளியை எண்ணினால் இரண்டும் ஒன்று என்பது தெரிந்துவிடும்.

தரையில் இருட்டு, மேலே வெயில்

2022 டிசம்பர் 15 அன்று மாலை, மேற்கு வங்கம் தொடங்கி வடகிழக்கு மாநிலங்கள் வரை மக்கள் ஒரு விசித்திரமான ஒளிக்கோட்டைக் கண்டு நின்றார்கள். ஒடிசா கடற்கரையை அடுத்த அப்துல் கலாம் தீவிலிருந்து அன்று அக்னி-5 ஏவுகணை சோதிக்கப்பட்டது. அதன் வெளியேற்றப் புகை அவ்வளவு பிரகாசமாகத் தெரிந்ததற்குக் காரணம் நெருப்பு மட்டும் அல்ல, வெயிலும்தான். தரையில் சூரியன் மறைந்த பிறகும் உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். சூரியன் தொடுவானத்துக்கு 10 பாகை கீழே போகும்போது, நம் தலைக்கு நேர் மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரம் வரைதான் பூமியின் நிழல். அதற்கு மேலே உள்ள எதுவும் வெயிலில் மின்னும். 18 பாகை இறங்கும்போது நிழல் சுமார் 330 கிலோமீட்டருக்கு உயர்ந்துவிடும். அப்போதும் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் மேல் வெயில் படும். 2019 மே மாதம் முதல் ஏவப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள், ஏவிய முதல் சில நாட்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் நகர்வதும் இதே வெயிலால்தான் தெரிகிறது.

இந்தக் கணக்கைச் சென்னையிலேயே பொருத்திப் பார்க்கலாம். 2013 ஜூன் 20 அன்று இரவு 8.55க்கு, ஐந்து ஆரஞ்சு நிற ஒளிப்புள்ளிகள் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்ததாக முகப்பேர் பகுதி மக்கள் சொன்னது செய்தியானது. அந்த நேரத்தில் சென்னையில் சூரியன் தொடுவானத்துக்கு ஏறத்தாழ 30 பாகை கீழே இருந்திருக்கும். தலைக்கு மேல் பூமியின் நிழல் சுமார் 1,000 கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்திருக்கும். ஆகவே, தாழ்வான பாதையில் சுற்றி வெயிலை எதிரொளிக்கும் செயற்கைக்கோள்கள் என்ற விளக்கம் அடிபட்டுப்போகிறது. அந்த ஒளிகள் தாமே எரிந்தவை, அல்லது விளக்கு ஏந்தியவை. ஆரஞ்சு நிறமும், கூட்டமாக ஒரே திக்கில் நகர்ந்ததும், காகிதக் கூண்டுக்குள் சுடர் ஏற்றிப் பறக்கவிடும் வான விளக்குகளோடு பொருந்துகின்றன. உறுதி செய்ய இன்னும் ஒரே ஒரு தகவல் வேண்டும்: அந்த நேரத்தில் அந்த இடத்தில் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது. வான விளக்கு காற்றோடு மட்டுமே போகும். வாடையா, கொண்டலா, கச்சானா என்பதை முகத்தில் படும்போதே சொல்லிவிடக்கூடிய மீனவர் ஒருவர் அன்று பக்கத்தில் இருந்திருந்தால் இந்தக் கேள்வி அன்றே முடிந்திருக்கும்.

வானிலிருந்து விழுபவற்றிலும் இரண்டு வகை உண்டு. விண்கல் விநாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் நுழைவதால் சில விநாடிகளில் எரிந்து முடியும். பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ராக்கெட் பகுதி திரும்பி விழும்போது அதன் வேகம் விநாடிக்கு 8 கிலோமீட்டருக்கும் குறைவு. அது துண்டு துண்டாக உடைந்து, ஒரு நிமிடமோ அதற்கு மேலோ வானைக் கடக்கும். 2022 ஏப்ரல் 2 அன்று மராட்டியம், குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் தெரிந்த ஒளிச்சரம் இரண்டாவது வகை. சந்திரபூர் மாவட்டத்தின் சிந்தேவாஹி வட்டத்தில் பெரிய உலோக வளையம் ஒன்றும் கண்டெடுக்கப்பட்டது. அது சீனாவின் சாங் ஷெங்-3பி ராக்கெட்டின் பகுதி என்று வல்லுநர்கள் கருதினார்கள். நம் ராக்கெட்டும் அயலாருக்குப் புதிராகியிருக்கிறது: 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கிய உருளை, பெரும்பாலும் பி.எஸ்.எல்.வியின் மூன்றாம் கட்டமாகவே இருக்கும் என்று அந்நாட்டு விண்வெளி முகமை அறிவித்தது. ‘எத்தனை விநாடி தெரிந்தது?’ என்ற ஒரு கேள்விக்கான பதில், விண்கல்லையும் ராக்கெட்டையும் பிரித்துவிடும்.

அசையாததை அசைய வைக்கும் கண்

இருண்ட பின்னணியில் தனியாக ஓர் ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால், அது அசையாமல் இருந்தாலும் மெல்ல நகர்வதுபோல் தோன்றும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் எதுவும் இல்லாததால், கண்ணின் நுண்ணசைவுகளை மூளை ஒளியின் அசைவாக எடுத்துக்கொள்கிறது. எல்லோருக்கும் நேரும் இயல்பு இது. சாட்சியின் நேர்மைக்கும் அறிவுக்கும் இதில் குறையில்லை. கடல்மேலிருந்து இறங்க வரும் விமானத்தின் விளக்கு இதற்கு நேர்மாறான மயக்கத்தைத் தரும்: எதிரே நிற்பவரை நோக்கி வந்துகொண்டிருக்கும்வரை அது நிமிடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதுபோலவே இருக்கும்.

பயிற்சி பெற்றவர்களும் இதற்கு விலக்கல்ல. லடாக்கில் பாங்காங் ஏரியை ஒட்டிய தாகுங் பகுதியில், 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, அடையாளம் தெரியாத பறக்கும் பொருட்களை 329 முறை கண்டதாக இந்திய ராணுவம் பதிவு செய்தது. சீனாவின் ஆளில்லா உளவு விமானங்கள் என்ற ஐயம் எழுந்தது. பெங்களூருவின் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து, அவை வியாழனும் வெள்ளியும் என்று கண்டறிந்தார்கள். விடை கிடைத்ததற்கு வீரர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். விடாமல் எழுதி வைத்த குறிப்புகள் இருந்ததால்தான் ஆராய ஒரு பொருள் இருந்தது.

நம் கிராமத்து வானியலும் இந்த மயக்கத்தை நன்றாக அறிந்திருந்தது. ‘செட்டியைக் கெடுத்த வெள்ளி’ என்று ஒரு விண்மீனுக்குப் பெயர். அதை விடிவெள்ளி என்று நம்பி, நடு இரவிலேயே வண்டி கட்டிக் கிளம்பிய வணிகர் வழியில் கெட்டுப்போனார் என்பது கதை. ஊருக்கு ஊர் கதை மாறினாலும் எச்சரிக்கை ஒன்றுதான்: பிரகாசத்தை மட்டும் நம்பாதே, எந்த நேரத்தில் எந்தத் திசையில் என்று பார்.

தெரியாத ஒளியும் தெரிந்த அச்சமும்

வேறு ஊர்களில் விளங்காத ஒளி ஆர்வத்தைக் கிளப்பும். வடசென்னையில் அது முதலில் அச்சத்தைத்தான் கிளப்பும். அதற்கு வரலாறு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் தன் தேடுவிளக்குகளைச் சென்னைத் துறைமுகத்தின் மேல் பாய்ச்சிக் குண்டு வீசியது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து வானம் சிவந்தது. தாக்குதல் அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஆனால், அடுத்து வந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் நகரத்தைவிட்டு வெளியேறினார்கள்.

அண்மை அனுபவமும் அப்படித்தான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத்திணறலோடு மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. இரவில் புரியாத ஏதோ ஒன்று நடந்தால் வீட்டைவிட்டு ஓட வேண்டியிருக்கலாம் என்பது இந்த மக்கள் உடம்பால் கற்ற பாடம்.

இந்தப் பின்னணியில்தான் ஆலைச் சுடரைப் பார்க்க வேண்டும். சுத்திகரிப்பு ஆலைகளில் அழுத்தம் மிகும்போதும், பிரிவுகளை நிறுத்தித் தொடங்கும்போதும், மிஞ்சும் வாயுவை உயரமான குழாயின் நுனியில் எரித்துவிடுவார்கள். எரிக்காமல் காற்றில் விடுவதைவிட இது பாதுகாப்பானது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் தாழ்ந்திருக்கும்போது அந்தச் சுடர் பெரிதானால், மேகத்தின் அடிப்பக்கம் முழுவதும் ஆரஞ்சு நிறமாகிப் பல கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். சுடரை நேராகக் காண முடியாத தெருவில் இருப்பவருக்கு வானமே எரிவதாகத் தோன்றும். இன்று இன்ன நேரத்தில் சுடர் பெரிதாக எரியும், அஞ்ச வேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அந்த ஒளி புதிராகாது. சொல்லாமல் விட்டால் வதந்திதான் விளக்கமாகும். ராக்கெட் ஏவும் நேரத்தை விண்வெளித் துறை நாட்டுக்கே அறிவிக்கிறது. பக்கத்துத் தெருவின் வானத்தைச் சிவக்க வைக்கும் சுடருக்கும் அப்படியொரு அறிவிப்பு வேண்டும் என்று கேட்பது முழுக்க நியாயம்.

மூன்றாவது இரவு கிடைக்காத வால்வெள்ளி

உண்மையிலேயே விளங்காமல் போன ஒன்றும் இந்த நகரத்தின் கணக்கில் உண்டு. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய வானோக்ககத்தில், 1861 முதல் 1891 வரை அரசு வானியலாளராக இருந்தவர் நார்மன் போக்சன். 1872 நவம்பர் 27 இரவு, ஐரோப்பிய வானில் விண்கல் மழை கொட்டியது. 1846இல் இரண்டாகப் பிளந்து, 1852க்குப் பின் காணாமல்போன பீலா வால்வெள்ளியின் பாதையிலிருந்து வந்த துகள்கள் அவை. வால்வெள்ளி பூமியை உரசிச் சென்றிருந்தால் அது இப்போது தென்வானில் தெரிய வேண்டும் என்று கணித்த கோட்டிங்கன் வானியலாளர் கிளிங்கர்ஃபியூஸ், சென்டாரஸ் விண்மீன் கூட்டத்தில் தேடும்படி மதராஸுக்குத் தந்தி அடித்தார்.

மழைக்கால மேகம் விலகிய இடைவெளியில், டிசம்பர் முதல் வாரத்தில், அடுத்தடுத்த இரண்டு நாள் விடியலுக்கு முன் போக்சன் அங்கே வால்வெள்ளி போன்ற ஒரு பொருளைக் கண்டார்; இடத்தையும் அளந்தார். பிறகு மேகம் மூடிக்கொண்டது. ஒரு பொருளின் சுற்றுப்பாதையைக் கணிக்கக் குறைந்தது மூன்று வேளை அளவீடுகள் வேண்டும். அவரிடம் இருந்தவை இரண்டு. அது பீலாவோடு தொடர்பில்லாமல் தற்செயலாக அங்கே வந்த வேறொரு வால்வெள்ளி என்றே பின்னர் கருதப்பட்டாலும், அதன் பாதை இன்றுவரை உறுதியாகவில்லை.

கண்டவர் தேர்ந்தவர், கருவி சிறந்தது, அளவு துல்லியமானது. இல்லாமல் போனது ஒரே ஓர் இரவின் பதிவு. இருந்தும் போக்சனின் குறிப்பு இன்றும் மதிக்கப்படுகிறது. கண்ட அளவுக்கு மட்டும் சொன்ன குறிப்பு அது. அதனால் நூற்றைம்பது ஆண்டு கழித்தும் அதை வைத்துக் கேள்வி கேட்க முடிகிறது. அந்த மதராஸ் வானோக்ககத்தின் வழித்தோன்றல்தான், லடாக் ஒளிகளுக்கு விடை சொன்ன இந்திய வானியற்பியல் நிறுவனம். கையில் போதிய பதிவு இருந்தபோது விடை சொன்ன மரபு, போதாதபோது இல்லை என்று ஒப்புக்கொண்ட மரபும்கூட.

கூடலூர் கிழார் காட்டும் வழி

கண்ட அளவுக்கு மட்டும் சொல்லும் இந்த ஒழுக்கம் நமக்கு வெளியிலிருந்து வந்ததும் அல்ல. புறநானூற்றின் 229ஆம் பாட்டு, சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் மறைவைப் பற்றிக் கூடலூர் கிழார் பாடியது. வானில் ஒரு மீன் எரிந்து விழக் கண்டு, அரசனுக்கு என்ன ஆகுமோ என்று அவர் கலங்குகிறார். ஏழாம் நாள் அரசன் இறக்கிறான். தீக்குறி என்ற நம்பிக்கையை ஒதுக்கிவிட்டுப் பாட்டின் தொடக்கத்தைப் பார்த்தால், அது ஒரு வானியல் குறிப்பேட்டின் பக்கம். பங்குனியின் முற்பகுதி, நள்ளிரவு என்று காலம் சொல்கிறார். எந்த மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எதிரே எழுந்தது, எது மேற்கே அமிழ்ந்தது என்று வானின் நிலையைச் சொல்கிறார். விழுந்த மீன் எந்தத் திசைகளில் செல்லவில்லை என்பதையும் விடவில்லை. பழைய உரை அந்த மீன்களை முறையே உத்தரம், மூலம், மிருகசீரிடம் என்று அடையாளம் காட்டுகிறது. பங்குனி நள்ளிரவில் இன்றும் உத்தரம் உச்சியை ஒட்டியும், மூலம் தென்கிழக்கு அடிவானிலும், மிருகசீரிடம் மேற்கு அடிவானிலும்தான் நிற்கின்றன.

கண்டதையும் கருதியதையும் அவர் கலக்கவில்லை. கருதியது அவர் காலத்தின் நம்பிக்கை. கண்டது இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் சரிபார்க்கத் தக்கதாக நிற்கிறது. பறக்கும் தட்டைக் கண்டேன் என்று சொல்பவரும், அது வெறும் விமானம்தான் என்று அடக்குபவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: கருதியதைக் கண்டதாகச் சொல்கிறார்கள்.

விளங்காதது என்று எப்போது சொல்லலாம்

பிரான்சின் விண்வெளி ஆய்வு நிறுவனம் இத்தகைய சாட்சியங்களை ஆராய 1977 முதல் ஒரு பிரிவை நடத்திவருகிறது. கேய்பான் என்பது அதன் இன்றைய பெயர். அது ஒவ்வொரு நிகழ்வையும் நான்கில் ஒரு வகையில் சேர்க்கிறது: விடை உறுதியானது, விடை அநேகமாகத் தெரிந்தது, தகவல் போதாமல் விடை சொல்ல முடியாதது, தகவல் போதுமானதாக இருந்தும் விடை கிடைக்காதது. கடைசி இரண்டையும் பிரித்ததில்தான் அறிவியல் நேர்மை இருக்கிறது. நான்காம் வகையில் சேர்பவை மிகச் சிலவே. அமெரிக்காவின் நாசா அமைத்த தனிக் குழு 2023 செப்டம்பரில் தந்த அறிக்கையும் இதையே வலியுறுத்தியது: வேற்றுலகத்தவர் என்பதற்குச் சான்று இல்லை, முதல் தேவை தரமான தரவு, அதைத் திரட்டப் பொதுமக்களின் கைப்பேசிகளும் உதவும்.

வடசென்னையில் இதைத் தொடங்கப் பெரிய செலவு தேவையில்லை. ஒளியைக் கண்டவுடன் கைப்பேசியில் நேரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கம்பத்தையோ மாடி விளிம்பையோ ஒளிக்கு நேராக வைத்துப் பார்த்தால் அது அசைகிறதா நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. தொடுவானிலிருந்து எத்தனை முட்டி உயரம் என்று எண்ணலாம். எத்தனை விநாடி தெரிந்தது, என்ன நிறம், ஓசை எவ்வளவு நேரம் கழித்து வந்தது, காற்று எந்தப் பக்கம் என்று அப்போதே எழுதிவிட வேண்டும். அக்கம்பக்கத்தில் பேசிக் கலந்த பிறகு எழுதினால் எல்லோருடைய நினைவும் ஒன்றாகிவிடும். ராயபுரத்தில் ஒருவரும் எண்ணூரில் ஒருவரும் தனித்தனியே குறித்த திசைகள் கிடைத்தால், இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்திலிருந்து ஒளியின் தூரத்தையே கணக்கிடலாம். ஒற்றைச் சாட்சியால் ஒருபோதும் சொல்ல முடியாதது தூரம்தான்.

மீனவர் கிராமங்களிலும் அரசுப் பள்ளிகளின் அறிவியல் மன்றங்களிலும் இதற்கென ஒரு குறிப்பேடு இருக்கலாம். அதைக் கோட்டூர்புரத்தின் பிர்லா கோளரங்கம் போன்ற பொது நிறுவனங்கள் ஏவுதல் அட்டவணையோடும் கோள்களின் நிலையோடும் ஒப்பிட்டு விடை சொல்லலாம். தொழிற்சாலைகள் தங்கள் சுடர் எரியும் நேரத்தை அதே குறிப்பேட்டுக்குத் தர வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் கட்டளையிடலாம். அப்படிச் செய்தால் பெரும்பாலான ஒளிகளுக்கு மறுநாளே விடை கிடைக்கும். ஆபத்தின் அறிகுறியான ஒளி கூட்டத்தில் தொலையாமல் தனித்துத் தெரியும். எல்லாச் சோதனைகளையும் தாண்டி ஏதாவது ஒன்று மிஞ்சுமானால், அதை விளங்காதது என்று சொல்லும் உரிமை வடசென்னை மக்களுக்கு உண்டு; அதை ஆராயும் கடமை அறிவியல் நிறுவனங்களுக்கு உண்டு.